கேடயமும் கொடிவழியும்: பழைய ஆங்கிலேயச் சுவடிகளில் குலச்சின்னங்களைப் படிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் டெரிங் சுருள் என்றொரு தோற்சுருள் இருக்கிறது. 1270க்கும் 1280க்கும் இடையில் தீட்டப்பட்டது. நீளம் சுமார் 2.6 மீட்டர். பெரும்பாலும் கெண்ட், சசெக்ஸ் பகுதிகளைச் சேர்ந்த 324 வீரர்களின் கேடயங்கள் அதில் வரிசை வரிசையாக வண்ணத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கேடயத்துக்கும் மேலே பெயர் எழுதியிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அது சர் எட்வர்டு டெரிங் என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவர் நிக்கோலஸ் டி கிரியோல் என்ற வீரரின் சின்னத்தைச் சுரண்டி அழித்தார். அந்த இடத்தில் ரிச்சர்டு ஃபிட்ஸ் டெரிங் என்ற பெயரில் தம் குடும்பத்துக்கு ஒரு மூதாதையை உட்காரவைத்தார். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை.

குலச்சின்னங்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய கதை இது. சுவடியில் இருக்கும் கேடயமும் அதன் கீழே கிளை விரியும் கொடிவழியும் (வம்ச வரிசைப் படம்) யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு தேவைக்காகக் கொடுத்த வாக்குமூலங்கள். அவற்றைச் சாட்சியை விசாரிப்பதைப் போல விசாரிக்க வேண்டும். எப்படி விசாரிப்பது என்பதை 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சுவடிகளை வைத்துச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் சட்டமும் பதிவேடும் வேறு. அங்கே 1672 முதல் பொதுப் பதிவேடு தனியாக நடக்கிறது. இங்கே சொல்வதை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள்.

படி 1: கையில் இருப்பது எந்தச் சுவடி?

வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை காணுங்கள். அவசரப்படுகிறவர்கள் தாண்டிச் செல்லும் படி இதுதான். தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

டெரிங் சுருளைப் போன்றவை சின்னச் சுருள்கள். அவற்றில் கேடயமும் பெயரும் மட்டும் இருக்கும், வம்சம் இருக்காது. அடுத்த வகை, சின்னம் வழங்கும் பட்டயம். ஒருவருக்கு, ஹெரால்டு எனப்படும் அரச மரபுச்சின்ன அதிகாரி சின்னத்தை வழங்கியதற்கான ஆவணம் அது. ஹெரால்டுகளுக்கு 1484இல் மூன்றாம் ரிச்சர்டு சாசனம் அளித்துத் தனி அமைப்பாக்கினார். அதன் பெயர் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். லண்டனில் இன்றும் இயங்குகிறது. கார்ட்டர், கிளாரன்சியூ, நோராய் ஆகிய மூவர் அதன் தலைமை அதிகாரிகள். டிரென்ட் ஆற்றுக்குத் தெற்கே கிளாரன்சியூவுக்கும் வடக்கே நோராய்க்கும் அதிகாரம்.

மூன்றாவது வகைதான் நமக்குப் பெரும் புதையல்: விசிட்டேஷன் சுவடிகள். 1530இல் எட்டாம் ஹென்றி, அப்போதைய கிளாரன்சியூவான தாமஸ் பெனோல்ட்டுக்கு ஓர் ஆணை கொடுத்தார். ஊர் ஊராகப் போய், யார் யார் என்ன சின்னம் தரித்திருக்கிறார்கள், தரிக்க உரிமை உண்டா என்று விசாரிக்கச் சொன்னது அந்த ஆணை. இந்தச் சுற்றுப்பயணங்கள் 1688 வரை கவுண்டி கவுண்டியாக நடந்தன. ஹெரால்டு வருவதற்கு முன்பே உள்ளூர் அதிகாரிகளுக்கு ஓலை போகும். கனவான்கள் எனப்பட்டவர்கள் தங்கள் பட்டயம், முத்திரை, பத்திரங்களோடு சந்தை நகரத்தின் விடுதிக்கு வந்து நிற்பார்கள். அவர்கள் சொன்னதை ஹெரால்டுகள் எழுதி, கையொப்பம் வாங்கி, கட்டணமும் வாங்கிக்கொள்வார்கள். உரிமை காட்ட முடியாதவர் ‘நான் கனவான் அல்லன்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பெயர்கள் பொது இடத்தில் அறிவிக்கப்பட்டன. இவ்வளவு அவமானம் காத்திருந்த இடத்தில், தாத்தாவின் பெயரைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்லும் ஆசை எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது வகை, படிகள், அதாவது நகல்கள். மூலச் சுவடி காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் இருக்கும். அங்கே உள்ளே போய் நீங்களே புரட்ட முடியாது, கட்டணம் செலுத்தினால் அதிகாரிகள் தேடித் தருவார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் படிகள். அங்குள்ள ஹார்லி தொகுப்பு 1753இல் நாட்டுக்காக வாங்கப்பட்டது. அதில் உள்ள குலச்சின்னச் சுவடிகள் பல, செஸ்டர் நகரின் ராண்டில் ஹோம் குடும்பம் போன்ற தொழில்முறைச் சின்ன ஓவியர்கள் தங்கள் வேலைக்காகப் படியெடுத்து வைத்தவை. படியெடுத்தவர் அதோடு நிற்பதில்லை. பின்னால் பிறந்த பிள்ளைகளைச் சேர்ப்பார். வேறொரு கவுண்டியின் கிளையை ஒட்டவைப்பார். 1869இல் தொடங்கிய ஹார்லியன் சொசைட்டி அச்சிட்ட விசிட்டேஷன் தொகுதிகள் பலவும் இப்படிப்பட்ட படிகளிலிருந்து வந்தவைதாம். அவை இணைய ஆவணக் காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன; தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் அச்சில் பார்த்த ஒரு தலைமுறை, ஹெரால்டு முன்னால் சொல்லப்பட்டதா, நூறு ஆண்டு கழித்து ஓர் ஓவியர் சேர்த்ததா என்பதை முன்னுரையைப் படிக்காமல் அறிய முடியாது. முன்னுரையைப் படியுங்கள்.

படி 2: கேடயத்தைச் சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள்

புகைப்படம் எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கேடயத்தை ஒரு வாக்கியமாக எழுதும்போதுதான் எதைப் பார்க்கத் தவறினோம் என்பது தெரியும். வரிசை இது: முதலில் தளத்தின் நிறம், பிறகு தளத்தின் நடுவே உள்ள முதன்மையான பட்டை அல்லது உருவம், பிறகு அதைச் சுற்றி இருப்பவை, கடைசியாக அவற்றின் மேல் ஏறி அமர்ந்திருப்பவை.

பட்டைகளுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. கேடயத்தின் குறுக்கே நடுவில் ஓடுவது ஃபெஸ். மேலிருந்து கீழே ஓடுவது பேல். மூலையிலிருந்து சாய்வாக இறங்குவது பெண்ட். கூரை முகடுபோல் நிற்பது செவ்ரான். உச்சியில் தலைப்பட்டையாக இருப்பது சீஃப்.

வலம், இடம் என்பதில் கவனம் வேண்டும். கேடயத்தைப் பிடித்து நிற்கும் வீரனின் வலப்பக்கமே வலம். பார்க்கிற நமக்கு அது இடப்பக்கம். இதை மாற்றி எழுதினால் கணவன் குலம் மனைவி குலமாகிவிடும்.

படி 3: நிறத்தை நம்புவதற்கு முன் நிறத்தின் வயதைக் கேளுங்கள்

அடிப்படை நிறங்கள் சில மட்டுமே. பொன், வெள்ளி ஆகியவை உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை வண்ணங்கள். இவற்றோடு எர்மின், வெயர் என்ற இரண்டு மென்மயிர்த் தோல் வகைகள். உலோகத்தின் மேல் உலோகமும் வண்ணத்தின் மேல் வண்ணமும் வைக்கக் கூடாது என்பது விதி. வெள்ளித் தளத்தில் பொன் சிலுவை கொண்ட ஜெருசலேம் அரசின் சின்னம் புகழ்பெற்ற விதிவிலக்கு.

இந்த விதி உங்கள் கையில் ஒரு கருவி. சுவடியில் சிவப்புத் தளத்தின் மேல் கறுப்புச் சிங்கம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்ணத்தின் மேல் வண்ணம்; விதி இடிக்கிறது. உடனே வர வேண்டிய ஐயம், அந்தக் கறுப்பு உண்மையில் வெள்ளியோ என்பது. வெள்ளித் தகடும் வெள்ளிப் பொடியும் காற்றுப் பட்டுக் கருத்துவிடும். ஈய வெள்ளையும் காலப்போக்கில் கருக்கும். ஓரங்களையும் கீறல்களையும் உருப்பெருக்கிப் பாருங்கள்; கருமைக்கு அடியில் சாம்பல் பளபளப்போ வெண்மையோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். செம்பிலிருந்து செய்த பச்சை வேறு விதமாகக் கெடுகிறது: அது பழுப்பாகி, தாளையே அரித்துவிடும். பச்சை இருந்த இடத்தில் சில ஏடுகளில் ஓட்டைதான் மிச்சம்.

விசிட்டேஷன் சுவடிகளில் பெரும்பாலும் வண்ணமே இருக்காது. விடுதி மேசையில் அவசரமாக எழுதியவர்களுக்கு வண்ணம் குழைக்க நேரம் ஏது? கோட்டோவியமாகக் கேடயத்தை வரைந்து, நிறத்தின் பெயரை எழுத்தால் குறிப்பார்கள். ‘ஓ’ என்றால் பொன். ‘ஏ’ அல்லது ‘ஏஆர்’ என்றால் வெள்ளி. ‘ஜி’ என்றால் சிவப்பு. ‘எஸ்’ என்றால் கறுப்பு. நீலத்துக்குப் பெரும்பாலும் ‘பி’ போடுவார்கள். நீலத்தின் மரபுப் பெயரும் (அஷூர்) வெள்ளியின் மரபுப் பெயரும் (ஆர்ஜென்ட்) ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் குழப்பம் வராமல் இருக்க இந்த ஏற்பாடு. அப்படியும் கிறுக்கலில் ‘ஏஇசட்’ எது, ‘ஏஆர்’ எது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் இடங்கள் வரும். அப்போது உலோக விதியைத் துணைக்கு அழையுங்கள். பெரும்பாலும் ஒரு வாசிப்பே மிஞ்சும்.

கோடுகளாலும் புள்ளிகளாலும் நிறத்தைக் காட்டும் முறை வேறு. படுக்கைக் கோடு நீலம், நெடுங்கோடு சிவப்பு, புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி. இயேசு சபைத் துறவி பெட்ரா சாங்க்டா 1638இல் வெளியிட்ட நூலால் பரவிய முறை இது. முதலாம் எலிசபெத் காலத்துச் சுவடி என்று சொல்லப்படும் ஒன்றில் இந்த முறை ஒழுங்காகக் கையாளப்பட்டிருந்தால், அந்தப் படம் பின்னால் வரைந்தது என்று கொள்ளுங்கள்.

படி 4: கேடயத்துக்குள் இருக்கும் உறவுகள்

கொடிவழியைத் தொடும் முன்பே கேடயம் சில உறவுகளைச் சொல்லிவிடும். நெடுக்காக இரு பாதியாகப் பிரிந்த கேடயம் ஒரு திருமணம்: வலப்பாதி கணவன் குலம், இடப்பாதி மனைவி குலம். உடன்பிறந்த ஆண்கள் இல்லாமல் மனைவியே வாரிசானால், அவள் குலச்சின்னம் கணவன் கேடயத்தின் நடுவில் சிறு கேடயமாக அமரும். அவர்களுடைய பிள்ளைகள் இரு குலங்களையும் நான்கு கூறாக வகுத்துத் தரிப்பார்கள். தலைமுறைகள் செல்லச் செல்லக் கூறுகள் பெருகும். ஒவ்வொரு கூறும், குடும்பத்துக்குள் வாரிசாக வந்த ஒரு பெண்ணைக் குறிக்க வேண்டும். அவளைக் கொடிவழியில் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால், ஒன்று கொடிவழியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது, அல்லது அந்தக் கூறு சும்மா சூட்டிக்கொண்டது. பெண்களின் பெயரை மறந்த பல சுவடிகளில் அவர்கள் வந்துபோன தடத்தைக் காத்து வைத்திருப்பது இந்தக் கூறுகள்தாம். இதற்காகவே நான் கொடிவழியைவிடக் கேடயத்தை முதலில் படிக்கச் சொல்வேன்.

மகன்களுக்குள் வேறுபாடு காட்டச் சிறு அடையாளங்கள் உண்டு. மூத்தவனுக்குத் தொங்கல்கள் கொண்ட பட்டை, இரண்டாமவனுக்குப் பிறை, மூன்றாமவனுக்கு விண்மீன், நான்காமவனுக்குக் காலில்லாப் பறவை, ஐந்தாமவனுக்கு வளையம், ஆறாமவனுக்கு லில்லி மலர். பிறையின் மேல் விண்மீன் இருந்தால், இரண்டாம் மகன் கிளையின் மூன்றாம் மகன். ஆனால் நடைமுறையில் எல்லாக் குடும்பங்களும் இதைக் கடைப்பிடிக்கவில்லை. அடையாளம் இருந்தால் சான்று. இல்லாததைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

படி 5: எழுத்தும் குறியீடும்

16ஆம் நூற்றாண்டின் செக்ரட்டரி எனப்படும் கையெழுத்து முறை முதலில் மிரட்டும். ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒன்று, ‘யு’வும் ‘வி’யும் ஒன்று, சிறிய ‘ஆர்’ ஏறக்குறைய ‘டபிள்யூ’ போல் நிற்கும், பெரிய ‘எஃப்’ இரண்டு சிறிய ‘எஃப்’களாக எழுதப்படும். புள்ளி இல்லாத, நெடில் குறில் வேறுபாடு காட்டாத ஓலைச்சுவடியைச் சூழல் கொண்டு படித்துப் பழகிய தமிழர்களுக்கு இந்த வேலை அந்நியமானதன்று. அதே பொறுமைதான் வேண்டும். தெரிந்த ஊர்ப்பெயர் ஒன்றை அதே பக்கத்தில் கண்டுபிடித்து, அதன் எழுத்துகளை வைத்து மற்றவற்றை அவிழ்த்துக்கொண்டே போங்கள்.

கொடிவழியில் வட்டங்களும் கோடுகளும் இருக்கும். இரு பெயர்களுக்கு நடுவே ‘=’ போன்ற குறி திருமணம். பெயரை ஒட்டி வரும் லத்தீன் சுருக்கங்களில் சிலவற்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: ‘ஃபில். எட் ஹேர்.’ என்றால் மகனும் வாரிசும், ‘உக்ஸ்.’ என்றால் மனைவி; ‘ஓப். எஸ். பி.’ என்றால் பிள்ளையில்லாமல் இறந்தார், ‘ஏட்.’ என்று போட்டு எண் வந்தால் வயது. இந்த வயதுக் குறிப்பு மிக மதிப்புள்ளது. 1634ஆம் ஆண்டு விசிட்டேஷனில் ஒரு சிறுவனுக்கு வயது 12 என்று இருந்தால், சொன்னவர் பெரும்பாலும் அவன் தந்தையோ நெருங்கிய உறவினரோதான். பிறப்பு 1622ஐ ஒட்டி என்று கொள்ளலாம்.

பக்கத்தின் அடியில் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். யார் கையொப்பமிட்டாரோ அவருடைய நினைவுதான் அந்த முழுக் கொடிவழிக்கும் ஆதாரம். தம் பிள்ளைகள், உடன்பிறந்தார், பெற்றோர், தாத்தா வரை அவர் சொன்னதை ஏறக்குறைய ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மேலே உள்ளதெல்லாம் கேள்விப்பட்டதோ, பத்திரத்தில் கண்டதோ, விரும்பியதோ. எலிசபெத் காலத்துச் சாமர்செட் ஹெரால்டு ராபர்ட் குளோவர் போன்ற சிலர் மூலப் பத்திரங்களையும் முத்திரைகளையும் படியெடுத்துக் கொடிவழியோடு சேர்த்தார்கள். அப்படிச் சான்று காட்டும் பக்கம் கிடைத்தால் அதன் மதிப்பே வேறு.

படி 6: ஆண்டுக் கணக்கு

1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. சுவடியில் ‘1640 பிப்ரவரி’ என்றால் நம் கணக்கில் அது 1641. அரசரின் ஆட்சியாண்டாலும் நாள் குறிப்பார்கள். முதலாம் எலிசபெத்தின் முதல் ஆட்சியாண்டு 1558 நவம்பர் 17இல் தொடங்குகிறது, அங்கிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காவிட்டால் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வரும்.

படி 7: எத்தனை கைகள் எழுதியிருக்கின்றன?

ஒரே பக்கத்தில் மையின் நிறம் மாறும் இடம், எழுத்தின் சாய்வு மாறும் இடம், இடம் போதாமல் பெயர்கள் நெருக்கப்பட்ட இடம், தோல் மெலிந்து சுரண்டல் தெரியும் இடம் எல்லாவற்றையும் தனித்தனியே குறியுங்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு காலம் உண்டு. டெரிங் செய்தது பிடிபடுவது இப்படித்தான்.

ஒரு பக்கத்தை நெருங்கிப் பார்ப்போம்

இதுவரை சொன்னது எல்லாம் ஒன்றுசேரும் இடம், ஷேக்ஸ்பியர் குடும்பத்துச் சின்னத்தின் வரைவுகள். நாடகாசிரியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596 அக்டோபர் 20இல் கார்ட்டரான வில்லியம் டெத்திக் சின்னம் வழங்கினார். வரைவுகள் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் இருக்கின்றன. கேடயத்தை நம் வாக்கியத்தில் எழுதினால்: பொன் தளம், அதன்மேல் கறுப்புச் சாய்பட்டை, பட்டையின் மேல் வெள்ளி முனை கொண்ட பொன் ஈட்டி. உலோகம், வண்ணம், மீண்டும் உலோகம். விதி சுத்தமாக இருக்கிறது. ஈட்டி (ஆங்கிலத்தில் ‘ஸ்பியர்’) குடும்பப் பெயரையே பேசுகிறது. பெயரைப் படமாக்கும் இந்த வழக்கம் பரவலானது. லூசி குடும்பம் தன் பெயரை ஒலிக்கும் ‘லூஸ்’ என்ற மீனையே கேடயத்தில் வைத்தது.

ஜானின் முன்னோர் ஏழாம் ஹென்றிக்குச் செய்த சேவைக்காகப் பரிசு பெற்றார்கள் என்று வரைவு சொல்கிறது. 1599இல் எழுதிய இன்னொரு வரைவில் அந்தப் பரிசு வார்விக்ஷயரில் கிடைத்த நிலமாக வளர்ந்துவிடுகிறது. அப்படி ஒரு நிலக்கொடைக்கு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த 1599 வரைவின் நோக்கம், மனைவி மேரி ஆர்டனின் குலச்சின்னத்தையும் சேர்த்துத் தரிக்க அனுமதி பெறுவது. அங்கே வரைந்த சிறு கேடயத்தைப் பாருங்கள். வலப்பாதியில் ஈட்டி. இடப்பாதியில் முதலில் எர்மின் தளத்தில் பொன்னும் நீலமும் கட்டமிட்ட பட்டை. அது பார்க் ஹால் ஆர்டன்களின் சின்னம், கவுண்டியிலேயே பேர்பெற்ற குடும்பம். அதை ஹெரால்டு பேனாவால் அடித்துவிட்டார். பக்கத்தில் வேறொன்று: சிவப்புத் தளத்தில் சிலுவைகள், பொன் தலைப்பட்டை, வேறுபாட்டுக்கு ஒரு காலில்லாப் பறவை. மேரியின் தந்தை வில்ம்கோட்டைச் சேர்ந்த விவசாயி. அவர் பார்க் ஹால் குடும்பத்தின் கிளை என்று காட்ட முடியாமல், தள்ளி நிற்கும் இன்னொரு ஆர்டன் சின்னத்துக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். ஒரு கொடிவழி நிரூபிக்கப்படாமல் போனதை அந்த ஒற்றைப் பேனாக் கோடு சொல்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்தில் ஷேக்ஸ்பியரின் நினைவுச் சின்னத்தில் ஈட்டிக் கேடயம் மட்டுமே இருக்கிறது. ஆர்டன் பாதி இல்லை.

இந்தச் சின்னத்தின் மேல் வழக்கும் வந்தது. யார்க் ஹெரால்டு ரால்ஃப் புரூக், தகுதியற்றவர்களுக்குச் சின்னம் விற்கப்பட்டதாக 1602இல் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் ஷேக்ஸ்பியரும் உண்டு. சாய்பட்டை பழைய பிரபு குலம் ஒன்றின் சின்னத்தைப் போலிருக்கிறது என்பது குறை. பட்டை மேல் ஈட்டி இருப்பதே போதிய வேறுபாடு என்று டெத்திக்கும் கிளாரன்சியூ வில்லியம் கேம்டனும் பதிலளித்தார்கள். புரூக்கின் சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். 1616இல் அவர் கார்ட்டர் வில்லியம் சீகரை ஏமாற்றி, லண்டன் தூக்கிலிடுபவர் கிரிகரி பிராண்டனுக்கு அரச குலச்சின்னம் வழங்கவைத்தார். இருவரும் சிறைக்குப் போனார்கள். இந்தப் பகைமைகளையும் சேர்த்துப் படித்தால்தான் சுவடி பேசும்.

படி 8: வெளியே போய் உறுதி செய்யுங்கள்

சுவடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அது சொன்னதையே அது உறுதி செய்யும். 1538 முதல் தேவாலயப் பதிவேடுகளில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் பதிவாகின்றன. கான்டர்பரி பேராயரின் நீதிமன்ற உயில்கள் 1384 முதல் 1858 வரை லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. உயில் கொடிவழியைவிட நேர்மையானது. சொத்தில் பங்கு கேட்கப்போகும் மகளை எளிதில் மறக்க மாட்டார்கள். நிலவுடைமையாளர் இறந்தால் வாரிசு யார், வயது என்ன என்று அரசு நடத்திய விசாரணைப் பதிவுகள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உண்டு.

கல்லையும் பாருங்கள். இந்த இடத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையில் 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கல்லறைக் கற்கள் பலவற்றில் குலச்சின்னங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை பழைய மயானத்திலிருந்து வந்தவை. 1758–59 முற்றுகையில் அந்தக் கல்லறைகள் பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமாக உதவியதால், கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளிலும் சின்னங்கள் உண்டு. ஆனால் கல்லில் நிறம் இருக்காது. இறந்தவரின் வீட்டார் கேட்டதைக் கல்தச்சர் வெட்டியிருக்கிறார். உரிமை உண்டா என்று அங்கே வந்து விசாரித்த ஹெரால்டு யாருமில்லை. ஆகவே அந்தக் கல்லை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, இங்கிலாந்துச் சுவடியோடு ஒப்பிட வேண்டும்.

பெரிய குடும்பம் என்பதற்காகச் சலுகை காட்டாதீர்கள். டென்பி பிரபுக்களான ஃபீல்டிங் குடும்பம் ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் வழி வந்ததாக நெடுங்காலம் நம்பப்பட்டது. அதற்குக் காட்டிய பத்திரங்கள் போலியானவை என்பதை ஹொரேஸ் ரவுண்ட் என்ற ஆய்வாளர் அம்பலப்படுத்தினார்.

படி 9: பதிவு செய்யும் முறை

ஒவ்வொரு பெயருக்கும் தனிக் குறிப்பு எழுதுங்கள். சுவடியின் எண், ஏட்டின் எண், முன்பக்கமா பின்பக்கமா, எந்தக் கை எழுதியது, யார் சொன்னது, வெளிச்சான்று எது என்பவை அதில் இருக்க வேண்டும். பார்த்ததையும் ஊகித்ததையும் வேறு வேறு மையில் வையுங்கள்.

ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் ஒரு சின்னத்தை யாருக்கும் ஒட்டாதீர்கள். ஆங்கிலேய வழக்கில் சின்னம் பெயருக்கு உரியதன்று. அதைப் பெற்றவருக்கும் அவர் ஆண்வழியில் வந்தவர்களுக்கும் உரியது. ‘உங்கள் குடும்பப் பெயரின் சின்னம்’ என்று படச்சட்டம் போட்டு விற்கும் கடைகள் இதைச் சொல்வதில்லை. வழி நிரூபிக்கப்படாத இடத்தில் கோட்டை முழுதாக இழுக்காமல் புள்ளிக்கோடாக விட்டு, அதன் பக்கத்தில் எந்த ஆவணம் கிடைத்தால் அது முழுக்கோடாகும் என்று எழுதி வையுங்கள். அடுத்து அந்தச் சுவடியைத் திறக்கிறவருக்கு எங்கே தொடங்குவது என்பது தெரியும்.